கிழக்கு அறை

தேசிய ஓவியத் தொகுப்பின் ஒரு பகுதி கொழும்பிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்தடி அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, அதைக் காட்சிக்கு வைக்கும் பொறுப்பு கௌசிகாவிடம் விடப்பட்டது. வெள்ளைக்காரர் வரைந்தவை முதலில், கொழும்பு ஓவியர்கள் அடுத்து, கிழக்கு மாகாணத்து ஓவியர்கள் கடைசியில் நடைபாதைச் சுவரில் என்ற பழைய ஒழுங்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. கிழக்கின் ஓவியர்களுக்கென்றே ஓர் அறை ஒதுக்கி, நல்ல வெளிச்சம் போட்டு, வாசலில் 'கிழக்கு அறை' என்று பலகை மாட்டினாள். பணிப்பாளர் முத்தலிப்கூட மெச்சினார்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் மூதூரிலிருந்து அசனா வந்தார். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை. மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுப் படகுக்குக் காத்து நிற்கும் சனத்தை அவர் வரைந்த படம், அரசாங்கம் வாங்கிய நாள் முதல் களஞ்சியத்திலேயே கிடந்தது. இப்போது அந்த அறையின் நடுச்சுவரில் இருந்தது.

"வடிவா இருக்கு," என்றார் அசனா. "கொழும்பு அறை எங்க மகள்?"

"அப்பிடி ஒண்டு இல்லை அக்கா. மற்ற அறையெல்லாம் காலத்தின்படி."

"அப்ப அவங்க எல்லாரும் நாடு. நாங்க மட்டும் கிழக்கா?"

கௌசிகாவுக்கு முகம் சுட்டது. "உங்களுக்கு மரியாதை செய்யத்தானே அக்கா..."

"ஓம், விளங்குது. ஆனா நான் வரைஞ்சது லோஞ்சுக்கு நிண்ட சனத்தை. கிழக்கை இல்ல."

வீடு போகும் வழியெல்லாம் கௌசிகா மனதுக்குள் அசனாவோடு சண்டை பிடித்தாள். எவ்வளவு பாடுபட்டேன், ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா? மறுநாள் காலை முதலாம் அறைக்குப் போனாள். அங்கே ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஒருவன் வரைந்த துறைமுகம். கப்பல்களும் கொடிகளும் துல்லியமாக இருந்தன. கரையில் நின்ற மனிதர்கள் வெறும் கறுப்புப் புள்ளிகள். அசனாவின் படத்தில் இருப்பதும் இதே தண்ணீர்தான். நேரே முத்தலிப்பிடம் போய், கிழக்கு அறையைக் கலைத்து எல்லாப் படங்களையும் சேர்த்து வைக்கவேண்டும் என்றாள்.

"இனி மாத்த ஏலாது கௌசிகா. கையேடும் அச்சடிச்சாச்சு."

"பிழை எண்டு தெரிஞ்சும் எப்பிடி சேர் திறக்கிறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி. கையேட்டைப் பற்றிக் கொழும்பு கேட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்."

கடல், தொழில், வீடு, போர் என்று படங்களில் இருந்ததைக் கொண்டே அறைகளைப் பிரித்தாள். அதிகாரியின் துறைமுகமும் அசனாவின் இறங்குதுறையும் ஒரே சுவரில் அருகருகே வந்தன. எதிலும் சேராத சில படங்கள் மாடிப்படியோரம் போயின.

திறப்பு விழாவில் ஊர்ப் பிரமுகர் ஒருவர், "எங்கட ஆக்களுக்கு எண்டு இருந்த அறையை ஏன் எடுத்தனீங்கள்?" என்று கோபித்தார். கௌசிகா விளக்கினாள். அவர் சமாதானமாகவில்லை.

அசனா சில நாள் கழித்துத் தன் தோழி நபீஸாவோடு வந்து அந்தச் சுவருக்கு முன் நின்றார்.

"என்ட படம் சிறிசாத் தெரியுது மகள்."

"பக்கத்துச் சட்டம் பெரிசு அக்கா, அதுதான்."

"பரவாயில்ல," என்ற அசனா, இறங்குதுறையில் நின்றவர்களில் யார் யாரென்று நபீஸாவுக்குச் சொல்லத் தொடங்கினார்.