ஈரம் எந்தப் பக்கம்

சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் மேல் பக்கத்தைத் தையல்காரி உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார்த்தாள். துளி ஈரம் இல்லை. தாளுக்கும் சுவருக்கும் நடுவில்தான் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து, வழிந்து இறங்கி, கீழ் டேப்பை உப்ப வைத்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான்.

மூன்று வருடம். தரைக்கு அடியில் இருந்த இந்தக் கீழறைதான் அவளுடைய தையல் கூடம். ஒவ்வொரு மழைக்கும் சுவர் கசியும், பெயிண்ட் உப்பி உதிரும், துணியெல்லாம் நாறும். ஒவ்வொரு தடவையும் கணவன் படியிறங்கி வந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே தீர்ப்பைச் சொல்வான். அவளுடைய நீராவி இஸ்திரிப் பெட்டிதான் காரணமாம். நாள் முழுக்க ஆவி விட்டால் சுவர் பாவம் என்ன செய்யும் என்பான். சுவருக்குப் பாவம் பார்த்தவன் அவளுக்குப் பார்க்கவில்லை. இரண்டு தடவை நீர்த்தடுப்புப் பெயிண்ட் வாங்கி வந்து உள்பக்கம் தானே அடித்துவிட்டு, ஒரு வாரம் வாய் ஓயாமல் அதையே பேசினான். அவளும் நம்பித் தொலைத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் அலைந்தாள். போன மாதம், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தைத்து அடுக்கியிருந்த அறுபது வெள்ளைச் சட்டைகளில் கறுப்புப் புள்ளி பூத்தது. அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பேசாம விட்டுட்டு வீட்ல சும்மா இரேன்" என்று அவன் சொன்னது அன்றைக்குத்தான்.

இந்த வாரம் மழை பிடித்துக்கொண்டதும் அவளே கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவர் அதிகம் பேசவில்லை. சுவரில் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார்.

"ரெண்டு நாள் விடுங்கம்மா. ஈரம் மேல் பக்கம் இருந்தா ரூம்ல இருக்கற ஆவி. உள்பக்கம் இருந்தா வெளியேருந்து வர்ற தண்ணி."

அந்த இரண்டு நாளும் அவள் இஸ்திரி போட்டாள். திரைச்சீலை, தலையணை உறை, அவன் எப்போதோ போட்டுக் கழித்த பேன்ட்டுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தேய்த்துத் தள்ளினாள். நாளைக்கு அவன் வாயில் ஒரு நொண்டிச் சாக்கு வரக் கூடாது.

இப்போது கணவன் தாளைப் பார்த்தான். கொத்தனாரைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"கார் நிக்கற தளம் வீட்டுப் பக்கமா சரிஞ்சிருக்கு சார்" என்றார் கொத்தனார். "பெய்யற மழையெல்லாம் சுவத்தடிக்குத்தான் போகுது. யாரு போட்டது?"

போட்டது அவன்தான். கேட் வாசலில் தண்ணீர் நின்றால் பார்க்க அசிங்கம் என்று, கூடவே நின்று, வீட்டுப் பக்கம் வாட்டம் கொடுக்கச் சொல்லிப் போட வைத்த தளம். வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்ட தளம்.

"உள்ள எத்தன கோட்டிங் அடிச்சாலும் தண்ணி தள்ளிரும். தளத்த ஒடச்சு, சுவத்தோட அடிவரைக்கும் தோண்டி, வெளிப்பக்கம் பூசணும்."

"அவ்வளவு நல்ல தளத்தயா?" என்றான் கணவன். "இந்தத் தடவ ஒசத்தியான பெயிண்டா பாத்து அடிச்சிருவோம். இவளும் தேய்க்கறத கொஞ்சம் கொறச்சுக்கட்டும்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"எத்தன அடி ஒடைக்கணும்?" என்று கொத்தனாரிடம் கேட்டாள்.

"சுவத்துலேருந்து மூணடிம்மா."

வெட்டுமேசையிலிருந்து அளவு டேப்பையும் தையல் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள். மழை விட்டிருந்தது. தளத்தில் சுவரை ஒட்டிக் கார் நின்றது. தளத்தை ஒரு பழைய திரைச்சீலையால் துடைத்து, கேட்டருகே மண்டியிட்டு, சுவரிலிருந்து மூன்றடி அளந்து கோடு இழுக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?" கொத்தனாரோடு பின்னால் ஏறி வந்த கணவன் கேட்டான்.

"வெட்டறதுக்கு முன்னாடி கோடு போடணும்" என்றாள் நிமிராமல். "மூணு வருஷமா என் மேல பழியப் போட்டீங்க. தப்பு உங்களோடதுன்னு ஒரு தடவ சொல்லுங்க. வண்டிய எடுங்க."

"மறுபடியும் மழை வர்ற மாதிரி இருக்கு. அப்பறம் பேசிக்கலாம்."

கார் சாவி அவன் கையில்தான் இருந்தது. கொத்தனார் மேகத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடு சுவரோடு நேராகப் போய்க் காரின் பின்பக்கத்தில் முட்டியது. ஒரு நொடிதான் நின்றாள். பிறகு எழுந்து, சாக்பீஸைத் தூக்காமல் பம்பர் மேல் ஏற்றி, டிக்கியின் மேல் இழுத்து, பின் கண்ணாடிக்குக் கொண்டுபோனாள். கை கொஞ்சமும் கோணவில்லை.