நண்டுப் பார்சலும் ஒரு கரித்துண்டும்

மட்டக்களப்பில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு பொல்லாத பழக்கம். இரண்டு பேருக்கென்று கேட்டால் ஐந்து பேர் சாப்பிடும் அளவுக்குக் குவித்துக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வயிறு நிறைந்த பிறகு மிச்சத்தை என்ன செய்வதென்பது சாப்பிட வந்தவர் பாடு. வீட்டாரோடு வந்தவர்களுக்குக் கவலையில்லை, கட்டிக்கொண்டு போகலாம். கலியாணம் பேசியிருக்கும் ஆணோடு முதல்தடவை சாப்பிட வந்த பெண் என்ன செய்வாள்?

ஆர்த்திகா வேலைசெய்யும் கந்தோரில் பக்கத்து மேசையில் இருக்கும் றிஸ்னா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். சாப்பாட்டுக் கோப்பையை வழித்துச் சாப்பிடக் கூடாது, கொஞ்சம் மிச்சம் விட வேண்டும், பார்சல் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் காணாததைக் கண்டவள் என்று நினைத்துவிடுவார். ஆர்த்திகாவும் நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

எதிரே இருந்தவன் உதயரூபன், களுதாவளைக்காரன். மூன்று மாதமாக ஃபோனில் பேசுகிறார்கள். ஒரே இருப்பில் ஐந்து நண்டு தின்றவன் என்று ஒருநாள் பீற்றிக்கொண்டதைத் தவிர அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் தன் ஊரின் தூரத்தில்தான் என்று அவள் நினைத்திருந்தாள். இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வந்துதான் இருக்க வேண்டும். அவள் வீடோ பனிச்சங்கேணியில், வாகரை றோட்டில். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் ஊர்ப் பெயரைக் கேட்டே திரும்பிப் போயின. அதற்குப் பிறகு கலியாணப் பேச்சை எடுத்தாலே அப்பா கோணாமலை வலையைத் தூக்கிக்கொண்டு தோணிக்குப் போய்விடுவார். இவனும் திரும்பிப் போய்விட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பதென்ற பயம் அவளுக்கு.

எல்லா உறுதியும் நண்டுப் பிரட்டல் வரும்வரைதான். தட்டில் நான்கு நண்டு, ஒவ்வொன்றும் கையகலம். கோணாமலை முப்பது வருடமாகப் பிடிப்பது இந்த நண்டைத்தான். ஆனால் பெரியதெல்லாம் நண்டு வாங்க வரும் வியாபாரியின் வான் வண்டியில் ஏறிப் பட்டணத்துக்குப் போய்விடும். சின்னதும் கால் உடைந்ததும்தான் வீட்டுக் கறிக்கு. பிடித்த மனிதர் ருசி அறியாமல் அங்கே இருக்க, மகள் இங்கே மின்விசிறிக்குக் கீழே இருந்து தின்றால் தொண்டையில் இறங்குமா?

ஒரு நண்டை மட்டும் கரண்டியால் எடுத்து வைத்துக்கொண்டாள். எச்சில் கை தட்டில் பட்டுவிடாமல் கவனமாக இருந்தாள். அப்பாவுக்கு எச்சிலைக் கொண்டுபோக முடியாதல்லவா. உதயரூபனும் ஒரு நண்டோடு காணும் என்று நிறுத்திக்கொண்டான். பரிமாறியவர் தட்டை எடுக்கக் கை நீட்டியதும் றிஸ்னாவின் உபதேசம் அத்தனையும் பறந்துபோயிற்று.

“இதப் பார்சல் கட்டித் தாங்க. அப்பாக்கு.”

உதயரூபன் நேரத்தைப் பார்த்தான். மணி நான்கு. எழுந்து போய்விட்டான்.

பார்சல் வந்தது, அவன் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பார்சல் பையோடு போகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நடக்க வெட்கப்பட்டு நழுவிவிட்டான் என்றே முடிவு கட்டினாள். கண் கலங்கியது, கோபமும் வந்தது. போகிறவன் போகட்டும், நண்டு அப்பாவுக்குத்தான்.

அவன் குசினிப் பக்கமிருந்து வந்தான். விரலெல்லாம் கறுப்பு, வெள்ளைச் சேட்டின் கையிலும் கறுப்பு. கடதாசியில் சுற்றிய எதையோ பைக்குள் வைத்தான். ஒரு கரித்துண்டு.

“கோழி சுடுற அடுப்பில கேட்டு வாங்கினன். சூடு ஆறுமட்டும் நிண்டன்,” என்றான். “நீங்க போய்ச் சேரக்குள்ள பொழுது பட்டிரும். கரி இல்லாம நண்டு கொண்டு போகப்படாது. எங்கட அம்மா விடவே மாட்டா.”

பொழுதுபடுகிற நேரத்தில் மீன், இறைச்சி, நண்டு கொண்டு போனால் பேய் பின்னால் வரும், கரி வைத்தால் அண்டாது. கந்தோரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களும் வீட்டில் வைப்பார்கள். ஆர்த்திகாவுக்கும் கரியின் நினைவு வந்ததுதான். பார்சல் கேட்டதே போதும், கரியும் கேட்டால் பட்டிக்காடு என்பானே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பஸ்ஸில் இருந்துகொண்டு, மடியில் இளஞ்சூடாக இருந்த பையைப் பிடித்தபோதுதான் ஐந்து நண்டுக் கதை நினைவுக்கு வந்தது. அவன் வயிறு நிறைந்து நிறுத்தவில்லை. அவள் மிச்சம் பிடித்ததைக் கண்டுதான் நிறுத்தியிருக்கிறான். நன்றி சொல்ல ஃபோனை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். அந்த நன்றி அதற்குள் அடங்கவில்லை.

வீட்டில் கோணாமலை பைக்குள் கை விட்டதும் முதலில் அகப்பட்டது கரிதான். விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கரி வெச்சது நீயா, மகள்?”

“இல்லப்பா. அவர்தான்.”

அவர் கரியைப் பத்திரமாக யன்னலில் வைத்தார். நண்டுக் காலை உடைத்து, உள்ளிருந்த சதையை நிதானமாகத் தின்றார்.

“அந்தப் பொடியன ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு,” என்றார். “அண்டைக்கு வானுக்கு நண்டு குடுக்க மாட்டன்.”