சீவுகரண்டித் தொங்கட்டான்

அன்று சோனுன் அம்மாள் வீட்டில் கூடியிருந்தவர்கள்: வாசலுக்கு நேர் எதிரே, சுவர்க் கம்பளத்தின் கீழ், பெரிய விருந்தாளிக்குரிய இடத்தில் என் அண்ணி குலிபா, மாப்பிள்ளையின் தாய். அவருக்கு வலப்பக்கம் நான். சகின் என்பது பெயர், வெள்ளி வேலை செய்கிறவன், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. இடப்பக்கம் பெண்ணின் தகப்பனார், காது சற்று மந்தம். அவருக்குக் கீழே பெண்ணின் தாய் சோனுன். வாசலை ஒட்டி, தேநீர்க் கொதிகலன் அருகில், பக்கத்து வீட்டு ஹேஜர் அக்கா. பெண் ஜிபாரா உள்ளறையில். மாப்பிள்ளை ஏர்கின் வரவில்லை. அவன் பட்டாளத்தில் சேர்ந்து, தொலைபேசி எடுக்காத ஒரு மலை உச்சியில் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தான். நிச்சயத்துக்குப் பெண்ணின் காதில் மாப்பிள்ளையின் தாய் தொங்கட்டான் போடுவதற்கு மாப்பிள்ளை தேவையில்லை. பெண் சம்மதித்தாளா இல்லையா என்று அவனுக்கு எழுதுவது என் பொறுப்பு.

விரிப்பின் நடுவில் ரொட்டி. அதன் பக்கத்தில் ஒரு தட்டில், வேகவைத்த ஆட்டுக் கல்லீரலும் வால் கொழுப்பும் சூடாக மூடி வைத்திருந்தார்கள். காதில் தொங்கட்டான் ஏறியதும் சம்பந்திகள் இதை ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிடுவார்கள். ஊட்டியபின் பேச்சு மாறாது.

பெண் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அது என் தொழிலைப் பற்றியது.

எங்கள் ஊர் காரகோலில் நிச்சயத் தொங்கட்டான் என்றால் என் பட்டறையில்தான் வாங்குவார்கள். வாங்குவது இலை வடிவம். என் தகப்பனார் இலை செய்தார், அவருக்குப் பின் நானும் இலை செய்தேன். போன பனிக்காலத்தில் பொதுக் குளியல் கூடத்தில் ஆவியறைக்குள் நுழையும் முன் பெண்கள் எல்லோரும் தொங்கட்டானைக் கழற்றிச் சன்னல் மேடையில் வைத்தார்கள். வெள்ளி சுடும் அல்லவா. வெளியே வந்தபோது யாருடையது எது என்று தெரியவில்லை. குவியலாக என்னிடம் கொண்டுவந்தார்கள். எனக்கும் தெரியவில்லை. ஜிபாராவின் அக்கா இன்றுவரை வேறொருத்தியின் நிச்சயத்தோடுதான் நடமாடுகிறாள்.

அண்ணி பெண் கேட்டுப் போனபோது ஜிபாரா சொன்னாளாம்: "ஏர்கினைப் பிடிக்கும். இலையப் பிடிக்காது. குவியல்ல போட்டாலும் கண்ண மூடிட்டு இது என்னுதுன்னு எடுக்கணும். அப்படி ஒண்ணு கொண்டாங்க, காதக் காட்றேன்."

அண்ணி நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"உன் இலையால என் பையன் கல்யாணம் நிக்குது, தம்பி."

"நல்லா இருக்குன்னுதானே அண்ணி எல்லாரும் வாங்கறாங்க."

"எல்லாரும் வாங்கறாங்கன்னுதான் அவ வேண்டாங்கறா. எங்கயாச்சும் போயி எதையாச்சும் பாத்துட்டு வா. எத்தன வருசமா இந்த சன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"

சன்னலுக்கு வெளியே நிற்பது ஒரு பாப்ளார் மரம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

சீனத் தெருவுக்குப் போனேன். அங்கே குடியிருப்பவர்கள் துங்கான்கள், முன்னொரு காலத்தில் சீனாவிலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர்களைச் சீனர் என்றால் கோபித்துக்கொள்வார்கள். தெருவைச் சீனத் தெரு என்றால் கோபிப்பதில்லை. மரப் பள்ளிவாசலிலிருந்து தொடங்கினேன். கூரை வளைவின் கீழே செதுக்கிய மாதுளையும் திராட்சையும் அருமைதான். ஆனால் அவை தேநீர்க் கோப்பையிலும் மேசைத் துணியிலும் ஏற்கெனவே ஏறிவிட்டன. நீலச் சன்னல் கதவுகளைப் பார்த்தேன். பின்னித் தொங்கவிட்ட பூண்டைப் பார்த்தேன். ஒரு வீட்டின் கதவுக் கொக்கியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வெள்ளைக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர் நின்றார்.

"ஆட்டத் தொலைச்சிட்டியா?"

"இல்லீங்க பெரியவரே. ஒரு உருவம் தேடறேன்."

"கறுப்பா, வெள்ளையா?"

"தெரியலீங்க. பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப அது உன் ஆடு இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

பசித்தது. ஹேஜர் அக்காவின் கடையில் உட்கார்ந்தேன். அவர் விற்பது ஆஷ்லாம்ஃபு ஒன்றுதான். காடியும் மிளகாயும் ஊற்றிய குளிர்ந்த இழைகள். இத்தனை வருஷமும் கிண்ணத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் கையைப் பார்த்தேன். கவிழ்த்த பாத்திரம் போல வெள்ளையாக உறைந்து நின்ற கஞ்சிக் கட்டியின்மேல், ஓட்டைகள் போட்ட வட்டமான தகரச் சீவுகரண்டி ஒன்றை அழுத்தி ஒரு சுற்று இழுத்தார். ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை வந்தது. கண்ணாடி போல, ஈரமாக, நீளம் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல், எல்லாம் ஒன்றாக ஆடின.

நானும் ஓட்டைத் தகட்டில் வெள்ளி இழுக்கிறவன்தான். ஒரு நேரத்தில் ஒரு கம்பி. அது எனக்கு முதல் தடவையாகக் கஞ்சத்தனமாகத் தோன்றியது.

"சாப்பிடாம என் கையையே பாக்கறீங்களே, உஸ்தா. வீட்ல ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. நான் கரண்டியத்தான் பாக்கறேன்."

"கரண்டிக்கு ஆள் இல்ல. தாராளமாப் பாத்துக்கங்க."

அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். உன் சட்டை காடி நாறுகிறது என்று என் மனைவி சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். நகத்தளவு வெள்ளித் தகட்டைக் குமிழாகத் தட்டி, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓர் இழையாக உள்பக்கம் பற்றவைத்தேன். இழையின் நுனிகளை வேண்டுமென்றே சமமாக வெட்டவில்லை. தூக்கிப் பிடித்தபோது அது மெல்லச் சலசலத்தது. என் தகப்பனார் செய்யாத ஒன்றை நான் செய்தது அதுதான் முதல். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் சில ஜோடிகளுக்கும் தகடு வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

அண்ணியிடம் மட்டும், அது ஏரிமேல் எழுந்த நிலாவும் கீழே இறங்கும் மழையும் என்று சொன்னேன்.

"நிலா இருக்கறப்ப மழை எப்படிடா பெய்யும்?"

"எப்பவாச்சும் பெய்யும் அண்ணி."

இப்போது சோனுன் அம்மாள் வீட்டுக்கு வருவோம். ஜிபாராவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். அண்ணி அவள் தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டுவிட்டுத் தொங்கட்டான் டப்பியைத் திறந்தார். "நிலா" என்று அறிவித்தார். சோனுன் அம்மாள் கன்னத்தில் கை வைத்தார். ஜிபாரா ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

ஹேஜர் அக்கா தேநீர்க் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார்.

"எது நிலா? இது என் சீவுகரண்டியாச்சே!"

ஹேஜர் அக்கா எழுந்து தன் வீட்டுக்குப் போய், ஈரம் சொட்டும் கரண்டியோடு திரும்பி வந்து அதை டப்பியின் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் பெரியதையும் சிறியதையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"என்ன கொண்டாந்தாங்க, சாப்பாடா?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

"தம்பி, இது என்ன?" என்றார் அண்ணி.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி."

அண்ணி டப்பியை மூடினார். கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே இலை. "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

ஜிபாரா முக்காட்டை இழுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். "இலைன்னா காது இல்ல, அத்தை."

"அதுக்காகச் சமையக்கட்டுச் சாமானத்தையா என் மருமக காதுல மாட்டுவேன்?"

"என் கரண்டிக்கு என்ன குறைச்சல், குலிபா?" என்றார் ஹேஜர் அக்கா. "ஞாயித்துக்கிழமையானா அது சீவினதத்தானே ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிக்கறீங்க? மூணாவதுக்கும் எட்டிப் பாக்கறீங்க."

"வயித்துக்குள்ள போறது வேற, காதுல தொங்கறது வேற. ஊர் என்ன சொல்லும்?"

"சீவுகரண்டி மருமகன்னு சொல்லும்" என்றாள் ஜிபாரா. "சொல்லட்டும். இலை மருமகதான் தெருவுக்குத் தெரு இருக்காளே." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சின்ன மாமா, இதே மாதிரி இன்னொண்ணு செய்வீங்களா?"

நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"செய்வீங்கன்னா எனக்கு வேண்டாம். வர்ற பனிக்காலத்துல இதுவும் குவியல்தான். செய்ய மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, காதக் காட்றேன்."

டப்பாவில் கிடந்த தகடுகள் நினைவுக்கு வந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல வேலை செய்தவனிடம் அதை மறுபடி செய்யாதே என்கிறாள். செய்வேன் என்று சொன்னால் மலைமேல் ஒருவன் காத்திருக்கிறான். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில் அண்ணி தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். இலையை முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்தார். சீவுகரண்டியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு டப்பியைத் திறந்தார்.

"சொல்லித் தொலையேன்டா தம்பி. கொழுப்பு உறையுது."

ரொட்டிமேல் கை வைத்து, இனிச் செய்வதில்லை என்று சத்தியம் செய்தேன். ஜிபாரா முக்காட்டை விலக்கினாள். அண்ணி முதல் காதுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டார். இரண்டாவது காதுக்குச் சுளிக்கவில்லை. பெண் தலையை ஆட்டினாள், சலசலத்தது. "மழை பேயுதா?" என்றார் தகப்பனார். பிறகு கொழுப்பை ஊட்டிக்கொண்டார்கள். அது பாதி உறைந்துதான் இருந்தது.

தபால் வண்டி போகும் முன் எழுதிவிடலாம் என்று விரிப்பின் ஓரத்திலேயே காகிதத்தை எடுத்தேன்.

"நிலான்னே எழுது" என்றார் அண்ணி. "பட்டாளத்துல சிரிப்பாங்க."

"கரண்டின்னு எழுதுங்க" என்றாள் ஜிபாரா. "சிரிக்கட்டும், அங்க வேற என்ன இருக்கு? படமும் வரைங்க."

"படம் வரையலாமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "படம் பரவால்ல."

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து வரிசையாக எழுதினேன். கீழே படம் போட்டேன். ஓட்டை ஒன்றையும் விடவில்லை. இழைகளின் நுனிகளை ஒவ்வொரு நீளத்துக்கு முடித்தேன். படம் கடிதத்தைவிடப் பெரிதாகிவிட்டது. டப்பாவில் உள்ளதை உருக்கி மறுபடி இலை செய்யலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

உறையின் பசை காய்ந்து போயிருந்தது. ஹேஜர் அக்கா கரண்டியின் ஓட்டையில் ஒட்டியிருந்த கஞ்சியை விரலால் வழித்து உறையின் விளிம்பில் தடவி, கரண்டியாலேயே அழுத்தினார். "இனிப் பிரியாது."

தபால் பெட்டி சீனத் தெருவின் மறுமுனையில் இருக்கிறது. வெள்ளைக் குல்லாய்ப் பெரியவர் தன் வாசலில் நின்றார்.

"ஆடு கெடைச்சுதா?"

"கெடைச்சுது பெரியவரே. குடுத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். நான் உறையைத் திருப்பி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டேன்.