பிளாஸ்திரி ஒட்டிய இடம்

கை பின்னால் நீண்டிருக்கிறது, உள்ளங்கை திறந்து, பெருவிரல் விலகி, விரல் நுனிகள் லேசாக நடுங்கியபடி, முகம் மட்டும் முன்னால், எதற்காகவும் திரும்பிப் பார்க்காத முகம், பின்னாலிருந்து பேட்டன் வரும் என்று நம்பிக் காற்றில் வைத்த கை, அது சொர்ணக்கிளியின் கை என்றுதான் நினைக்கிறேன், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருக்கிறதா என்று தேடுகிறேன், கயிறு இல்லை, அப்படியென்றால் இது சொர்ணக்கிளி இல்லை, முப்பிடாதி, சொர்ணக்கிளி என்னிடம் ஓடி முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இது இன்றைய சாயங்காலம், நான் பாளையங்கோட்டை மைதானத்தில் கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், வளைவு முடியும் இடத்தில் முப்பிடாதி தன் முறைக்காகக் கையைப் பின்னால் நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள், சரி, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், நான் பெண்கள் கல்லூரியின் தடகளப் பயிற்சியாளர், வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறேன், இது பல்கலைக்கழகப் போட்டியின் கடைசி நாள், கடைசி ஓட்டம், நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் ரிலே, ஜெயித்தால் சுழற்கோப்பை மறுபடியும் எங்களுக்கு, முப்பிடாதிக்கு ரயில்வேயின் விளையாட்டுத் தேர்வுக்குப் போகத் தேவையான தங்கம், தோற்றால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது, படிப்பு முடிகிறது, அம்மாவோடு பீடித் தட்டின் முன்னால் உட்கார வேண்டியதுதான்.

முதலில் மைதானமே இல்லை, கல்லூரிக்குப் பின்னால் உடைமரக் காடு, முள்ளை வெட்டி எரித்து, அடியில் ஓட்டை போட்ட பால்மாவு டின்னில் சுண்ணாம்பை நிரப்பிக் குனிந்து குனிந்து நான் போட்ட கோடுகள், மழை பெய்தால் கரைந்துபோகும், மறுநாள் மறுபடியும் குனிவேன், முதல் வருடப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், கேலரி முழுக்கச் சிரித்தது, கடைசி இடம், அந்தச் சிரிப்பு எந்த வருடம் நின்றது, முதல் கோப்பை எந்த வருடம், வரிசை குழம்புகிறது, பிரின்சிபல் அறை அலமாரி நிறைந்து மிச்சக் கோப்பைகளை கெமிஸ்ட்ரி லேபில் அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்ததும், அந்தப் புகையில் அவை கறுத்துப்போனதும் ஞாபகம் இருக்கிறது, மற்றக் கல்லூரிக்காரர்கள் கேட்பார்கள், மேடம், ரிலேயில மட்டும் உங்கள அசைக்க முடியலயே, அப்படி என்னதான் சொல்லிக் குடுக்கீங்க, நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன், சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பிளாஸ்திரி, ரிலேயில் வாங்குகிறவள் தனக்குப் பின்னால் தடத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்வாள், கொடுக்க வருகிறவளின் கால் அதைத் தொட்டதும் முகத்தை முன்னால் திருப்பி ஓடத் தொடங்க வேண்டும், அப்புறம் பின்னாலிருந்து கை என்று குரல் வரும், கை பின்னால் போகும், அவ்வளவுதான், அடையாளம் தள்ளி இருந்தால் வாங்குகிறவள் முந்திக் கிளம்பிவிடுவாள், கொடுக்கிறவளால் எட்ட முடியாது, எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொடுத்தால் அணியே வெளியே, கிட்ட இருந்தால் ஒருத்தி முதுகில் ஒருத்தி மோதுவாள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தூரம், அந்தத் தூரத்தை நான்தான் அளப்பேன், செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் பெருவிரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்து, கால் நிற்கிற இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து ஒட்டுவேன், நான் ஒட்டினத எவளாவது தொட்டா அவ டீமுல கெடையாது என்பேன், திருச்சியில் ஒருத்தி தொட்டாள், ஓட்டத்துக்கு முன் அவளை உட்கார வைத்துவிட்டு வேறொருத்தியை ஓட விட்டேன், அதற்கப்புறம் யாரும் தொட்டதில்லை, என்னைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பயம், அந்தப் பயத்தில்தான் கோப்பைகள் வந்தன என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன்.

இப்போது பயம் என் பக்கம் வந்துவிட்டது, எப்போது வந்தது என்று சரியாகத் தெரியவில்லை, ஆடி மாதம் சொர்ணக்கிளி விழுப்புரத்திலிருந்து போன் செய்தாள், அங்கே டிக்கெட் பரிசோதகராக இருக்கிறாள், மிஸ், நல்லா இருக்கீங்களா என்றாள், ஏட்டி, ரெண்டு நாளா ஏன் பிராக்டிஸுக்கு வரல என்று கேட்டேன், அவள் சிரித்தாள், ரெண்டு பிள்ள பெத்தாச்சு மிஸ், இனிம நான் ஓடுனா டிராக்குதான் பள்ளமாகும், நானும் சிரித்தேன், சும்மா கேட்டேன்ட்டி என்றேன், போனை வைத்தபிறகு காலண்டரில் வருடத்தைப் போய்ப் பார்த்தேன், பிறகு ஒரு காலை, கையில் ஸ்டாப்வாட்ச், பிள்ளைகள் கோட்டைக் கடந்து போய்விட்டார்கள், அந்தப் பொத்தானை என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறேன், எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, ஒருத்தி வந்து மிஸ், நிறுத்தலையா என்று மெதுவாகக் கேட்கிறாள், டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பாத்துரலாம்மா, தள்ளிப்போடாதீங்க என்றார், மே மாதம் முடியட்டும் என்று வந்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை, தூக்கத்தில் உடைமரக் காட்டுக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போகிறேன், திரும்பினால் போட்ட கோடு இல்லை, வெறும் முள், உள்ளேயிருந்து யாரோ கை, கை என்கிறார்கள், எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை, அது கனவு என்றுதான் நினைக்கிறேன், சில பகல்களிலும் அந்தக் கோடு அழிகிறது.

ஓட்டம் தொடங்குமுன் பயிற்சியாளர்கள் தடத்துக்குள் வரக் கூடாது, ஆனாலும் இன்று, நான் கேலரிக்கு வருமுன், என்னை விட்டார்கள், இங்கே நடுவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஓடியவர்கள், மிஸ் பிளாஸ்திரி ஒட்டத்தான வாராங்க, விடுங்க சார் என்றாள் ஒருத்தி, எதிர்க் கல்லூரியின் ஞானதுரை, என்னோடு சேர்ந்து நரைத்தவர், தடத்தோரம் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, மேடம், ரிட்டையர் ஆகுத வருசமாவது ஒரு கப்ப விட்டுட்டுப் போங்க, எங்க அலமாரியில பல்லிதான் முட்ட போடுது என்றார், பல்லிக்கும் எடம் வேணும்லா சார் என்றேன், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், வளைவு முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றினேன், தடம் சுட்டது, அடிமேல் அடி வைத்தேன், எண்ணிக்கை தானாக வந்தது, கால் தானாக நின்றது, அந்த நிம்மதியில் கண் கலங்கிவிட்டது, தலை மறந்தாலும் கால் மறக்கவில்லை, பல்லால் கிழித்து ஒட்டினேன், மூன்றாவதாக ஓடப்போகிற ரெக்ஸிலினை, அவள் தன் இடத்துக்குப் போகுமுன், முப்பிடாதி சீண்டிக்கொண்டிருந்தாள், ஏட்டி ரெக்ஸி, பேட்டனக் குடுக்கச் சொன்னா கல்யாண வீட்டுல தாம்பூலப் பை குடுக்க மாதிரி நின்னு சிரிச்சிக் குடுக்கக் கூடாது, கேட்டியா, நீ மொதல்ல கைய நீட்டுட்டி, சோத்துக்கு நீட்டுதல்லா அப்படி என்றாள் ரெக்ஸிலின், நான் பிளாஸ்திரியைக் காட்டி, சொர்ணம், ஜெபமணி இத மிதிச்சதும் கெளம்பு, திரும்பக் கூடாது என்றேன், சரி மிஸ் என்றாள் முப்பிடாதி, முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதனால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது, கேலரியில், கறுப்புக் கயிறு இல்லாத அந்தக் கையைப் பார்க்கும்போதுதான் என் குரல் எனக்கே மறுபடி கேட்கிறது, சொர்ணம், ஜெபமணி, சொர்ணக்கிளிக்குப் பேட்டன் கொண்டுவருகிறவள் ஜெபமணி, அவள் ஓடமாட்டாள், பறப்பாள், அவள் வேகத்துக்கு அடையாளத்தை ரொம்பத் தள்ளி வைப்பேன், ரெக்ஸிலினுக்கு அந்தத் தூரம் ஆகாது, முப்பிடாதி கிளம்பிப் போய்விடுவாள், ரெக்ஸிலின் பேட்டனை நீட்டிக்கொண்டே பின்னால் ஓடுவாள், எல்லைக் கோடு தாண்டிவிடும், கால் மறக்கவில்லைதான், கால் இருபது வருடத்துக்கு முந்திய ஜோடியை அளந்து வைத்திருக்கிறது. எழுந்துவிட்டேன், பைகளையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் மிதித்துக்கொண்டு இறங்கிக் கயிற்றோரமாக வளைவை நோக்கிப் போகிறேன், ஒரு நடுவர் கையை விரித்து மறிக்கிறாள், என்னிடம் ஓடியவள்தான், தடை ஓட்டம், முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை, மிஸ், இனிம உள்ள போக முடியாது மிஸ், துப்பாக்கியத் தூக்கியாச்சு, விடுட்டி, அடையாளம் தப்பா இருக்கு, நீங்க ஒட்டுனதா மிஸ், அதுலயா தப்பு வரும், தண்ணி குடிங்க, வெயிலுல்லா என்கிறாள், நான் ஒட்டியதில் தப்பு வராது என்று இவளை நம்ப வைத்தவளும் நான்தான், அவள் தோளுக்கு மேலாகக் கத்துகிறேன், மாத்து, மாத்துட்டி, கேலரியே கத்திக்கொண்டிருக்கிறது, வளைவில் நிற்கிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள், வாயைத் திறக்கிறேன், சொர்ணம் என்றுதான் வருகிறது, சொர்ணம், சொர்ணம், அதற்குள் ஒலிபெருக்கியில் செட் என்கிற குரல், மைதானம் முழுக்க மூச்சை நிறுத்துகிறது, அந்தச் சொல்லுக்கும் வெடிக்கும் நடுவில் உள்ள அமைதியில்தான் என் வேலைக்காலம் முழுக்க இருந்திருக்கிறேன், எப்போதும் எனக்கு அது பிடிக்கும், இன்று அது கிணறு மாதிரி இருக்கிறது.

வெடித்தது, முதல் கை மாறியது, இரண்டாவது கை மாறியது, ரெக்ஸிலின் வளைவில் வருகிறாள், பக்கத்து லேன்காரி ஒரு தோள் முன்னால், முப்பிடாதி குனிந்து பின்னால் பார்த்தபடி நிற்கிறாள், ரெக்ஸிலின் நான் ஒட்டிய இடத்தை மிதிக்கிறாள், எனக்குத் தெரியும் அது எந்த இடம் என்று, முப்பிடாதி அசையவில்லை, பயந்து உறைந்துவிட்டாளா, என்னால்தான், ரெக்ஸிலின் நெருங்கிவிட்டாள், மோதப்போகிறார்கள், அப்போது முப்பிடாதி முகத்தை முன்னால் திருப்பிக் கிளம்புகிறாள், கை என்று ரெக்ஸிலின் கத்துகிறாள், கை பின்னால் போகிறது, பேட்டன் உள்ளங்கையில் போய் உட்காருகிறது, எல்லைக் கோடு இன்னும் தள்ளிக் கிடக்கிறது, முப்பிடாதி போய்விட்டாள், அந்த ஒரு தோள் தூரத்தைத் தின்றுவிட்டு நெஞ்சால் கோட்டைத் தொட்டாள். பல்லிக்கு இன்னொரு வருசம் வாடகை இல்ல மேடம் என்று ஞானதுரை எங்கிருந்தோ கத்துகிறார், யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், எல்லாரும் முடிவுக் கோட்டுக்கு ஓடுகிறார்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கம், வளைவை நோக்கி நடக்கிறேன்.

நான் ஒட்டிய இடத்தில் பிளாஸ்திரி இல்லை, சிவப்புத் தடத்தில் பசை மட்டும் நீளமாகப் பளபளக்கிறது, அங்கிருந்து முப்பிடாதி நின்ற பக்கமாக நாலைந்து எட்டு நடந்தால் இன்னொரு வெள்ளைத் துண்டு, பல்லால் கிழித்தது இல்லை, கத்தரிக்கோலால் நறுக்கிய நேர் ஓரம். குனிந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் கால்கள் வந்து நின்றன, யாருட்டி மாத்துனது என்றேன், ரெக்ஸிலினுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது, நான்தான் மிஸ் என்றாள் முப்பிடாதி, திருச்சியில் உட்கார வைத்தவளின் கதை இவளுக்கும் தெரிந்திருக்கும், எப்பயிருந்து என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம், அவள் ரெக்ஸிலினைப் பார்த்தாள், ரெக்ஸிலின் தரையைப் பார்த்தாள், போன வருசம் நாகர்கோவில் மீட்டுலருந்து மிஸ், நீங்க ஒட்டிட்டுப் போனதும் நாங்க மறுபடி அளந்துக்கிடுவோம், சில நாள் நீங்க ஒட்டுனதே சரியா இருக்கும் மிஸ், நெசமா, அப்படியே விட்டுருவோம். போன வருடம், அப்படியென்றால் நாகர்கோவில் கோப்பை, அதற்கப்புறம் மதுரை, பிரின்சிபல் எனக்குச் சால்வை போட்டுக் கைதட்டச் சொன்னாரே, அன்று இவர்கள் முன்வரிசையில் நின்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்கள், சொர்ணம்னு கூப்பிட்டா ஏன்ட்டி சரி மிஸ்னு சொல்லுத, உம் பேரு அது இல்லைலா என்றேன், எங்களுக்குப் பயமா இருந்துச்சு மிஸ் என்றாள், என்னப் பாத்தாட்டி என்றேன், இல்ல மிஸ், உங்களுக்குத் தெரிஞ்சிருமோன்னு.

பரிசு மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், எங்கள் கல்லூரியின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறது, என் பெயரும் கேட்கிறது, அது என் பெயர்தான் என்று ஒரு கணம் கழித்துத்தான் தெரிகிறது, எழுந்து நடக்கிறேன், அவர்கள் பின்னால் வருகிறார்கள், வெயில் சாய்ந்து லேன் கோடுகள் எல்லாம் ஒன்றுபோல வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்கின்றன, அத்தனை கோடுகளும் சுண்ணாம்பு மாதிரி உதிர்கின்றன, ஓரத்தில் உடைமரம் அசைகிறது, இங்கே உடைமரம் கிடையாது, எனக்குத் தெரியும், மேடை இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரியவில்லை, நின்றால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், திரும்பினால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், முப்பிடாதி, முப்பிடாதி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே முன்னால் பார்த்து நடக்கிறேன், அப்போது பின்னால் மிக அருகில், மிஸ், கை என்கிறாள் முப்பிடாதி. கை பின்னால் நீள்கிறது, உள்ளங்கை திறந்து, பெருவிரல் விலகி, விரல் நுனிகள் நடுங்கியபடி, சுருக்கம் விழுந்த கை, மணிக்கட்டில் கயிறு இல்லை, யாருடையது என்று இந்த முறை எனக்குத் தெரிகிறது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.