மூன்று மணிச் செக்கிங்

அந்தச் செய்தியை நான் முழுங்கியது உண்மைதான். ஏன் முழுங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலனிக்கு எதிரே அகதி முகாம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அரிசி, பாத்திரம், தெருவுக்கு இரண்டு குழாய். நாங்கள் ஒரு குழாய்க்கு மனுக் கொடுத்தே ஓய்ந்துபோனோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மெர்சியைத்தான் பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருஷமாகத் திருமூர்த்திக் கவுண்டரின் மஞ்சள் காட்டுக்குக் களையெடுக்க ஆள் கூட்டிப்போகிறவள் நான். மன்னாரிலிருந்து வந்த மெர்சி போன வருஷம்தான் களைக்கொத்தையே கையில் பிடித்தாள். அதற்குள் கவுண்டர், "மயிலாத்தா, அடுத்த வாரத்திலிருந்து அந்தப் புள்ளையே ஆள் கூட்டியாரட்டும். முகாம்ல ஆளுக்கா பஞ்சம்?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலை டீக்கடைக் காளிச்சாமி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மெர்சி நேரத்துலயே காட்டுக்குப் போயிருச்சு. முகாம்ல செக்கிங்கை இன்னைக்கே வெச்சுட்டாங்களாமா. மூணு மணிக்குப் பேர் கூப்புடறப்ப ஆள் இல்லீன்னா பேரை அடிச்சுப்போடுவாங்க. மறக்காமச் சொல்லிப்போடு."

பேர் போனால் அரிசி போகும், தங்கியிருக்கிற அறை போகும். அவளும் எங்காவது போவாள். போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் கூடக் களையெடுக்கிற ராமாத்தாள், அந்தப் பக்கம் எப்போதும்போல மெர்சி. தினமும் வைப்பதுபோலத் தேங்காய்ச் சம்பலில் பாதியை என் சோற்றில் வைத்தாள். வெட்கமில்லாமல் தின்றேன்.

"உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு அக்கா" என்றாள் திடீரென்று. "நினைச்ச நேரம் ஈரோட்டுக்குப் போறியள், மகள் வீட்டில தங்கிட்டு வாறியள். நாங்கள் எங்க போனாலும் கேட்டுட்டுத்தான் போகோணும்."

என்னைப் பார்த்தா பொறாமை! ஒழுகுகிற கூரையும் மூட்டுவலியும் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. இரக்கத்தில் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் திறந்தது.

"கண்ணு, இன்னைக்கு மூணு மணிக்குச் செக்கிங். ஓடு!"

மெர்சி சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். முகாம் நான்கு மைல். நான் வரப்பில் ஓடினேன். "ஏனுங்க, வண்டிய எடுங்க! இந்தப் புள்ளையக் கொண்டுபோய் உடுங்க!" என்று கவுண்டரிடமே கத்தினேன். அவர் மறுபேச்சில்லாமல் மொபெட்டை எடுத்தார்.

கடைசிச் சில பேர்களைக் கூப்பிடும்போது போய் நின்றுவிட்டாளாம். மறுநாள் வேலைக்கு வந்தவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காளிச்சாமி அண்ணை காலமையே உங்களிட்டச் சொன்னவராம். உண்மையோ அக்கா?"

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் களையெடுக்கக் குனிந்தாள். கவுண்டர் வந்ததும், "ஆள் கூட்டிற வேலை எனக்கு வேண்டாம் ஐயா, மயிலாத்தா அக்காவே செய்யட்டும்" என்றாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

மதியம் என் பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தேன். மெர்சி சுற்றிக்கொண்டு போய் ராமாத்தாளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சம்பலில் பாதியை அவள் சோற்றில் வைத்தாள். ராமாத்தாள் விரலை நக்கிக்கொண்டே, "நல்லா இருக்குது புள்ள" என்றாள்.

ராமாத்தாளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.