வரியின் வலது ஓரம்

மோன்ஜி அனுப்பிய திருத்தங்கள் ரவ்தாவுக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தன. அவள் கணவன் ஷெத்லி மீன் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் கணினியைத் திறந்ததைப் பார்த்ததுமே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன்னோட இன்னொரு புருஷன் கடுதாசி போட்டுட்டாரா?"

"போட்டிருக்கார். ரொம்ப நீளமா."

"அப்ப மீன் கழுவுறது நான்தான்."

மோன்ஜி இருப்பது நாட்டின் வடக்கு முனையில், பிஸெர்த்தில். ரவ்தா தெற்கே ஸ்ஃபாக்ஸில். அவர் அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். இவள் துறைமுகத்துக் கப்பல் முகவர் ஒருவரிடம் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறவள். இரண்டு பேருக்கும் சேர்த்து இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் இல்லாத வேலை. வெறும் டிஸ்க்கை ஃபார்மட் செய்து, கோப்புகள் போய் உட்காருவதற்கு இடம் வகுத்துக் கொடுக்கும் ஒரு கருவியை அவர்கள் பல வருஷமாகப் பராமரித்து வந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் பயன்படுத்தவும் செய்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வரி வரியாகப் படித்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் உள்ளே போகாது என்பது அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம்.

அந்தக் கருவிக்கு ஏகப்பட்ட ஆப்ஷன்கள். இந்த அளவில் பிரி, இந்தப் பெயர் வை, பழைய தரவு இருந்தாலும் பரவாயில்லை என்று அழி, எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் காட்டு. வருஷக்கணக்காக ஒன்றன் தலையில் ஒன்றாக ஏற்றி, அந்தப் பகுதி நிரல் குப்பைமேடாகக் கிடந்தது. மோன்ஜி அதை மொத்தமாகப் பிரித்துப் போட்டு, எல்லா ஆப்ஷன்களையும் ஒரே அட்டவணையாக மாற்றியிருந்தார். ஒரு ஆப்ஷனுக்கு ஒரு வரி. இடப்பக்கம் பெயர், அடுத்து எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம், எவ்வளவு அதிகமாகக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன. வரியின் வலக்கோடியில், அந்த ஆப்ஷன் வந்தால் டிஸ்க்கில் எழுதலாமா என்பது. 'எழுது' என்று மட்டும் இருந்தால் எழுதலாம். அதற்குப் பக்கத்தில் 'தடு' என்று இன்னொரு சொல்லும் இருந்தால் கை வைக்கக் கூடாது.

யோசனை அழகாக இருந்தது. ரவ்தா பாதி படிக்கும்போதே, இதை நாம் ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பிறகு 'காட்டு மட்டும்' ஆப்ஷனின் வரிக்கு வந்தாள். அதில் 'தடு' இல்லை. அது ஒரு வரி மேலே, பெயர் வைக்கிற ஆப்ஷனின் முடிவில் போய் உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு போலி டிஸ்க்கை உண்டாக்கி, அதில் நாலு கோப்புகளைப் போட்டு, கருவியை 'காட்டு மட்டும்' என்று ஓட்டிப் பார்த்தாள். காட்டுவதற்குப் பதிலாக அது டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்து வைத்துவிட்டது. சோதனைகளோ எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டின. எதிர்பார்க்கும் விடைகளையே மோன்ஜி புது நிரலை ஓட்டி எடுத்து ஒட்டியிருந்ததால், தப்பும் சரி என்றே தேறியது.

இது மோன்ஜி செய்கிற காரியம் இல்லை. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அரைப்பக்கம் திட்டி எழுதுகிற ஆள் அவர். அவர் வாயில் விழுந்து எழுந்து ஓடிப்போனவர்கள் எத்தனையோ பேர். ரவ்தா ஓடாமல் நின்றாள் என்பதால்தான் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அவள் தப்புகளைக் குறித்து அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது, 'சரி செய்தாயிற்று' என்று ஒற்றை வரியில். திறந்து பார்த்தால் அவள் சொன்ன இடங்கள் சரியாகியிருந்தன. வேறு நாலு வரிகள் கெட்டிருந்தன.

மறுபடி எழுதினாள். மூன்றாம் முறையும் அதே கதை. இந்தத் தடவை பதிலில் சுருக்கென்று ஒரு வாக்கியமும் இருந்தது: 'என்னை விலக்க வேண்டும் என்றால் நேராகச் சொல்லிவிடலாம்.'

ரவ்தா அந்த வாக்கியத்தை ஷெத்லியிடம் காட்டினாள். கோபம்தான் முதலில் வந்தது. பத்து நாளாக ஆபீஸ் வேலைக்கு நடுவில் இவருடைய அட்டவணையோடு மல்லுக்கட்டுகிறாள்.

"வயசாயிடுச்சு, விடேன்," என்றான் ஷெத்லி. "எங்க மில்லுல பழைய மேஸ்திரி இப்படித்தான் இருந்தார். எண்ணெய் வழியுதுன்னு சொன்னா நம்ம மேல பாய்வார்."

"இவருக்கு அறுபதுகூட ஆகலை."

"அப்ப கவனம் வேற எங்கேயோ இருக்கு. வீட்டுல ஏதாவது தகராறா இருக்கும்."

அன்று மதியம் அவள் மூன்று முறையும் வந்த திருத்தங்களை ஒரே திரையில் அடுக்கி, தவறான இடங்களை மட்டும் சிவப்பாக்கினாள். எந்த மாதிரித் தவறு என்று கண்டுபிடிக்கத்தான் அப்படிச் செய்தாள். மறதியா, அவசரமா, புரியாததா என்று. சிவப்பு எல்லாம் ஏறி முடிந்ததும் அவள் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். இடப்பக்கம் ஒரு சிவப்புகூட இல்லை. நடுவிலும் இல்லை. அத்தனையும் வலது ஓரத்தில், வேலிக்கம்பு நட்டாற்போல வரிசையாக நின்றன. அட்டவணையில் மட்டும் இல்லை. குறிப்புகளில்கூட நீளமான வரிகளின் கடைசிச் சொல் விட்டுப்போயிருந்தது. சின்ன வரிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன.

கவனக்குறைவு இப்படி ஒரே ஓரமாகப் போய் உட்காராது என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவேளை அவருடைய திரை ஓரத்தில் பழுதாகியிருக்கலாம். அவள் கூப்பிட்டாள்.

எடுத்தது மோன்ஜியின் மனைவி தலெந்தா.

"அவர் மாடியில இருக்கார்மா. கொஞ்ச நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கார். நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

"சண்டை எல்லாம் இல்லக்கா. அவரோட திரை சரியா இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"புதுசு அது. ரமலானுக்கு முன்னாலதான் வாங்கினோம். ஏன்?"

ரவ்தா தயங்கினாள். பிறகு கேட்டுவிட்டாள். "அக்கா, அவர் எங்கேயாவது இடிச்சுக்கறாரா?"

"கார் கண்ணாடியை ரெண்டு தடவை உடைச்சுட்டார்," என்றாள் தலெந்தா. "சந்து குறுகல்னு சொல்றார். முப்பது வருஷமா அதே சந்துதான். சாப்பிடும்போது தொட்டுக்க ஹரிஸா எங்கேன்னு கேக்கறார், கைக்குப் பக்கத்துலயே இருக்கு. எம் மேல ஏதோ கோபம், வேணும்னே கேக்கறார்னு நினைச்சேன்."

"கண்ணாடி உடைஞ்சது எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"ஹரிஸா?"

மாடிப்படியில் தலெந்தா ஏறுகிற சத்தம் கேட்டது.

மோன்ஜியின் குரல் வந்தது. "என்ன ரவ்தா, எழுதித் திட்டினது போதலையா? இப்ப வாயாலயும் திட்டணுமா?"

"திட்டலண்ணே. ஒரு உதவி கேக்கறேன். அட்டவணையைத் திறந்து வெச்சிருக்கீங்களா?"

"அதைத் தவிர வேற என்ன வேலை எனக்கு? அதான் தினம் ஒரு குத்தம் கண்டுபிடிக்கிறியே."

"பெயர் வைக்கிற ஆப்ஷன் இருக்கே, அந்த வரியை எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும். நீங்க படிங்க."

அவர் பெருமூச்சு விட்டுப் படித்தார். பெயரைப் படித்தார். எண்களைப் படித்தார். "கடைசியில 'எழுது'. அவ்வளவுதான்."

ரவ்தாவின் விரல் திரையில் அதே வரியின் மேல் இருந்தது. 'எழுது' என்ற சொல்லை அடுத்து, வேண்டாத இடத்தில் மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்ட 'தடு' பளிச்சென்று தெரிந்தது.

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான்மா. இதுல என்ன தப்பு கண்டே?"

"கொஞ்சம் தலையை வலது பக்கமாத் திருப்பிட்டு மறுபடி படிங்க."

"என்ன விளையாட்டு இது?"

"எனக்காகத் திருப்புங்கண்ணே."

நாற்காலி கிரீச்சிட்டது. தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போவது ஃபோன் வழியாகத் துல்லியமாகக் கேட்டது.

"'எழுது'," என்றார் மோன்ஜி. அப்புறம், வேறு ஒரு குரலில், "'தடு'."

நினைத்தது சரிதான் என்ற சந்தோஷம் ரவ்தாவுக்குத் துளிகூட இல்லை. திரை பழுதாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

"நேராப் பார்த்தா அது இல்ல," என்றார் அவர் மெதுவாக. "கறுப்பாவும் இல்ல, மங்கலாவும் இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கு. நான் எப்படிம்மா தேடுவேன், இல்லாததை?"

"இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க. காரை நீங்க ஓட்டாதீங்க."

"கண்ணாடி மாத்தணும் போல."

"கண்ணாடியா இருந்தா நல்லதுதான். ஆனா இன்னிக்கே போங்க."

ஃபோனை தலெந்தா வாங்கிக்கொண்டாள். "நான் கூட்டிட்டுப் போறேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பிஸெர்த்துக் கண் மருத்துவர் அவருடைய கண் இரண்டையும் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, அதுதான் எனக்குக் கவலை என்றாராம். அங்கிருந்தே தலைநகர் துனிஸின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மூளையின் பின்பக்கம், பார்ப்பதைப் புரிந்துகொள்கிற இடத்தில், ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒருநாள் கல்லூரியில் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்து படுத்தது தலெந்தாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதயம் தாளம் தப்பி அடிப்பதையும் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து கிளம்பிய ரத்தக்கட்டிதான் மூளைக்குப் போயிருக்கிறது. கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்த கட்டி எங்கே போயிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. தலெந்தாவும் கேட்கவில்லை.

ரவ்தா ரயில் பிடித்து துனிஸுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டு மூன்று தடவைதான். அவள் அவருடைய கட்டிலின் வலப்பக்கமாக உள்ளே நுழைந்தாள். அவர் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததும்தான் அவர் முகம் மாறியது.

"ஓ, வந்துட்டியா. எந்தப் பக்கமா வந்தே?"

"கதவு வழியாத்தான்."

"பொய் சொல்லாத. அந்தப் பக்கமா வந்திருக்கே." அவர் சிரிக்க முயன்றார், முழுதாக வரவில்லை. "போன பார்வை அனேகமாத் திரும்பாதாம். தலையைத் திருப்பித் திருப்பிப் பழகிக்கணுமாம். மாத்திரை ஆயுசுக்கும். கார் சாவியை இவ பிடுங்கிக்கிட்டா."

"பிடுங்கல, கேட்டு வாங்கினேன்," என்றாள் தலெந்தா.

மோன்ஜி கொஞ்ச நேரம் போர்வையின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார். "உனக்கு அப்படி ஒரு வரி எழுதினேனே ரவ்தா. விலக்கணும்னா நேராச் சொல்லுன்னு."

"எனக்குக் கோபம் வந்துச்சு," என்றாள் அவள். "மறைக்க மாட்டேன். ஷெத்லிகிட்ட உங்களை நல்லாத் திட்டினேன்."

"இப்ப நானே விலகிடலாமான்னு பார்க்கறேன். பாதித் திரை தெரியாதவன் எல்லாம் மத்தவங்க டிஸ்க்குல கை வைக்கலாமா? நீ ஓட்டிப் பார்க்காம விட்டிருந்தா யாரோட படமெல்லாம், யாரோட கணக்கெல்லாம் போயிருக்கும்?"

"அதுக்குத்தானே நம்ம ரெண்டு பேர் இருக்கோம். போகலையே."

"இந்தத் தடவை."

"எல்லாத் தடவையும் அப்படித்தான். நான் எழுதினதுல நீங்க எத்தனை பிடிச்சிருக்கீங்க? அப்பல்லாம் நான் விலகினேனா?"

"நீ விலக மாட்டே. நான் எழுதினதைப் படிச்சா வேற எவனா இருந்தாலும் விலகியிருப்பான்."

தலெந்தா சிரித்துவிட்டாள். பிறகு திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே போனாள். ரவ்தா பின்னாலேயே போய், தாழ்வாரத்தில் அவள் அழுது முடிக்கும்வரை கூடவே நின்றாள்.

கோடை முடியும்வரை மோன்ஜியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ரவ்தா அந்த அட்டவணையை அப்படியே கிடப்பில் வைத்திருந்தாள். தானே சரிசெய்து உள்ளே சேர்த்துவிடலாம். ஒரு மாலை வேலைதான். மனசு வரவில்லை.

கல்லூரி திறந்த பிறகு ஒருநாள் அவருடைய அஞ்சல் வந்தது. அட்டவணையை அவர் அடியோடு மாற்றியிருந்தார். ஒரு ஆப்ஷனின் விவரங்கள் பக்கவாட்டில் ஓடுவதற்குப் பதிலாக ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எந்த வரியிலும் நாலு சொல்லுக்கு மேல் இல்லை. வலது ஓரம் என்று ஒன்றே கிடையாது. தனக்காகத்தான் இப்படி மாற்றியதாக அவர் மறைக்காமல் எழுதியிருந்தார். 'மற்றவர்களுக்கும் பயன்பட்டால் நல்லது. பயன்படாவிட்டால் பொறுத்துக்கொள்ளட்டும்.'

ரவ்தா மெதுவாகப் படித்தாள். முன்பைவிடத் தெளிவாகவே இருந்தது. 'காட்டு மட்டும்' தொடக் கூடாததைத் தொடாமல் நின்றது. போலி டிஸ்க்கின் கோப்புகள் பத்திரமாக இருந்தன. சோதனைகளின் விடைகளை அவர் இந்த முறை ஒவ்வொன்றாகக் கையால் எழுதியிருந்தார்.

இரண்டு தப்புகள் அகப்பட்டன. ஒன்று, எல்லோரும் செய்கிற கூட்டல் தப்பு. இன்னொன்று, ஒரு பெயரில் எழுத்து மாறியது. இரண்டும் வரியின் இடப்பக்கம்.

"என்ன சிரிக்கிற?" என்றான் ஷெத்லி.

"தப்பு பண்ணியிருக்கார்."

"அதுக்கா சிரிப்பு?"

"சாதாரணத் தப்பு. நல்ல தப்பு."

அவள் சலுகை எதுவும் காட்டாமல், அவர் எழுதுகிற பாணியிலேயே அரைப்பக்கத்துக்குக் குத்தலாக எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. அவள் தன் குறிப்பில் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டிருக்கிறாளாம். அதைப் பற்றி அவர் ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தார்.