ஷூ கழற்றி வைத்த இடம்

அயர்லாந்தில் நான் பார்த்த முதல் கோயிலுக்குக் கூரை இல்லை. எண்ணூறு வருஷத்துக் கோயில் என்றான் எங்கள் மகனின் நண்பன் புகழ்வேந்தன். அதற்காக ஒரு கூரை போடக் கூடாதா என்று கேட்டாள் என் மனைவி லில்லி. நான் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். இங்கே யாரும் கழற்ற மாட்டார்கள் அப்பா, தரை ஐஸ் மாதிரி இருக்கும் என்று புகழ்வேந்தன் சிரித்தான். இருக்கட்டுமே. வில்லியனூர் மாதா கோயிலுக்குள் செருப்போடு போகாதவன் இங்கே மட்டும் போவேனா? கொஞ்ச நேரத்தில் பாதம் மரத்துப்போனது. அது எனக்குப் புதுசில்லை. நான் மரத்துப்போய் நாலரை வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் மகன் ராஜேஷ் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தான். கொரோனா வந்த முதல் ஏப்ரலில் செத்துப்போனான். உடலை அனுப்ப விமானம் இல்லை. ஊரில், எங்கள் ஒதியம்பட்டு வீட்டில் உட்கார்ந்து போனில்தான் அடக்கத்தைப் பார்த்தோம். மண் போடும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. தெருவே அழுதது, நான் போனை சார்ஜில் போட்டேன். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை.

லில்லிக்கு ஒரே எண்ணம்தான். அவன் குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, ஊர்க் கல்லறையில் என் அப்பா பக்கத்தில் போட்டு ஒரு சிலுவை நட வேண்டும். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றும்போது, மகனுக்கு ஏற்ற அவளுக்கு இடமில்லை. அதனால்தான் ராஜேஷோடு ஒரே அறையில் இருந்த புகழ்வேந்தன் டிக்கெட் அனுப்பியதும் கிளம்பினோம்.

ஆனால் அவன் எங்களை நேராகக் கல்லறைக்குக் கூட்டிப்போகவில்லை. இடிந்த மடம், புனிதக் கிணறு, பழைய கல் கோபுரம் என்று இரண்டு நாள் காரில் சுற்றினான். எல்லா இடத்திலும் அவன் போட்டோ எடுத்தான், எல்லா இடத்திலும் நான் ஷூவைக் கழற்றினேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது. கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு பழைய கோயில் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். அடக்கத்தன்று அவனும் காய்ச்சலில் கிடந்தான். பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். போன வாரம் வந்து பார்த்தபோது, நட்டிருந்த மரச்சிலுவை இற்றுப்போய் இருந்த இடம் தெரியவில்லை. பேரில்லாத மண்மேடுகள் மூன்று இருந்தன. எது ராஜேஷ் என்று பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். கோயிலின் பங்கு ஆபீஸ் வாரத்தில் திங்கட்கிழமை மட்டும்தான் திறக்கும். எங்களுக்கு ஞாயிறு இரவே விமானம். சொல்லத் துணிவில்லாமல்தான் எங்களைக் கோயில் கோயிலாக இழுத்திருக்கிறான்.

அந்தக் கோயிலை ஒட்டித்தான் கல்லறை. அதன் சுவரோரம் புல் முளைத்திருந்த சமதரையில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மேடுகளிடம் போனேன். லில்லி மூன்றிலும் மெழுகுவத்தி ஏற்றினாள். மூன்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்துக்கொள்ளேன் என்றேன்.

"வேணாங்க. இன்னொருத்தி பெத்த புள்ளய நம்ம வூட்டுக்கு எப்டித் தூக்கினு போறது?" என்றாள்.

மண்ணுக்கென்று தைத்துக் கொண்டுவந்த துணிப்பையைக் காலியாகவே மடித்து வைத்தாள். மழை தூறியது. நான் கழற்றி வைத்த இடத்திலேயே சேற்றில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். விமானத்தில் செருப்பே போதும் என்று லில்லி அந்த ஷூவைக் கவரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஊரில் எனக்கு ஷூ எதற்கு? அது கவரோடு பரணுக்குப் போனது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் புகழ்வேந்தன் ஒரு படம் அனுப்பினான். பங்கு ஆபீஸில் வரைபடம் இருந்ததாம். மூன்று மேட்டில் எதுவும் ராஜேஷ் இல்லை. பக்கத்திலேயே, மண் அமுங்கிச் சமமாகிவிட்ட நாலாவது குழிதான் அவனுடையது. அன்று எங்களை எடுத்த படத்திலேயே அந்த இடத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். வட்டத்துக்குள் என் கறுப்பு ஷூ ஜோடியாக இருந்தது.

லில்லியிடம் நடு மேடு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பெற்ற பிள்ளையின் நெஞ்சு மேல் ஷூவைக் கழற்றி வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? கூசியது. நாலரை வருஷத்தில் எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அன்றுதான். போனை அவளிடம் நீட்டினேன்.

விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்புறம் அந்த ஷூவப் போட்டுக்கினு எங்கியாவது நடந்தீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து கவரை இறக்கினாள். ஷூவின் அடியில் சேறு காய்ந்து, இரண்டு புல்லோடு அப்படியே ஒட்டியிருந்தது. அந்தத் துணிப்பையை மடியில் விரித்து, கொண்டை ஊசியால் மெதுவாகச் சுரண்டினாள். ஒரு பிடிகூட இல்லை, இரண்டு ஸ்பூன் இருக்கும்.

"உங்க காலப் புடிச்சிக்கினே வூடு வந்து சேந்துட்டான் பாருங்க" என்றாள்.

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.